ஆற்றிலிருந்து துண்டான மடுவில் மீன்பிடி விதிகள் செல்லுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கொள்ளிடக் கரையோரத்தில் ஓர் ஊர். வெள்ளம் வடிந்தபின் ஆறு தன் பழைய வளைவை விட்டுவிட்டு நேராக ஓடத் தொடங்கிவிட்டது. பழைய வளைவில் தண்ணீர் தேங்கி நீளமான மடுவாக நிற்கிறது. கோடையில் அதற்கும் ஆற்றுக்கும் நடுவே மணல் மேடு. ஊர்ப் பிள்ளைகள் தூண்டிலும் வலையும் போடுகிறார்கள். பக்கத்துப் படுகைக்காரர், "இது என் பட்டா நிலத்தில் நிற்கிற தண்ணீர்" என்கிறார். ஆற்றில் மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகை எடுத்தவர், "இதுவும் என் குத்தகைதான்" என்று வலையைப் பறிக்கிறார். இன்னொரு கூட்டம், "இது ஆறே இல்லை, ஒரு சட்டமும் கிடையாது" என்று, மீனைச் சாகடித்து அள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டையோடு வந்து நிற்கிறது. இவர்களில் யார் சொல்வது சரி?

மூட்டையோடு வந்தவர்கள் சொல்வது முழுத் தவறு. மற்ற இருவரும் சொல்வது ஆவணத்தைப் பொறுத்தது. ஆற்றோடு தொடர்பு அறுந்தது என்ற ஒரே காரணத்துக்காக எந்தத் தண்ணீரும் சட்டத்தை விட்டு வெளியே போய்விடாது. எந்த விதி தொடர்கிறது, எது நின்றுபோகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் 'மீன்பிடிச் சட்டம்' என்று ஒரே பெயரில் பேசுவதால்தான் இந்தச் சண்டையே வருகிறது.

முதலில், 'துண்டான பகுதி' என்று எதைச் சொல்கிறோம்? டெல்டாவில் இது அபூர்வமான காட்சியே இல்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறார்கள். மூடிய சில வாரங்களில் காவிரியும் அதன் கிளைகளும் பல இடங்களில் அறுந்து, மடுவும் குட்டையுமாக நிற்கும். அடுத்த திறப்பில் மறுபடி ஒன்றாகிவிடும். இது பருவத் துண்டிப்பு. ஆறு வளைவை விட்டு விலகி, பழைய தடம் தனியாக ஒதுங்கிவிடுவது இரண்டாவது வகை. கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளில் இப்படி ஒதுங்கிய ஏரிகள் நிறைய உண்டு. பீகாரின் பேகுசராய் மாவட்டத்தில், உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2020-ல் சேர்ந்த கபர்தால், பூடி கண்டக் ஆறு விட்டுப்போன தடத்தில் உருவானதுதான். மூன்றாவது வகை மனிதன் செய்தது: மணல் அள்ளிய குழி, கரை போட்டு அடைத்த பழைய வாய்க்கால். மூன்றிலும் தண்ணீர் ஒரே மாதிரி தேங்கித்தான் நிற்கும். சட்டக் கண்ணில் மூன்றும் ஒன்றல்ல.

இனி சட்டம். அடிப்படை 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். அது எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மதராஸ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே என்பவர், இந்தியா, பர்மா முழுவதும் நன்னீர் மீன்களின் நிலையை ஆராய்ந்து 1873-ல் அறிக்கை கொடுத்தார். அணைகளின் கீழே கூடுகிற மீனை வாரி எடுப்பது, கண் சிறுத்த வலையில் குஞ்சுகளை அள்ளுவது, தண்ணீரில் நஞ்சு கலப்பது ஆகியவற்றைப் பற்றி அன்றே எச்சரித்தவர் அவர். வேகமாக ஓடுகிற பெரிய ஆற்றில் நஞ்சை நீர் கலைத்து இழுத்துக்கொண்டு போய்விடும். தேங்கி நிற்கிற மடுவில்தான் அது அப்படியே நின்று அதிகமாகக் கொல்லும். ஆக, நஞ்சுக்கு எதிரான சட்டம் முதலில் எட்ட வேண்டிய இடமே துண்டான தண்ணீர்தான்.

சட்டத்தின் வாசகமும் அப்படித்தான் இருக்கிறது. நான்காம் பிரிவு வெடி வைத்து மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. ஐந்தாம் பிரிவு நஞ்சு, சுண்ணாம்பு, வேறு கேடான பொருள் ஆகியவற்றைப் போட்டு மீன் பிடிப்பதைத் தடுக்கிறது. இரண்டு பிரிவுகளிலும் 'எந்தத் தண்ணீரிலும்' என்றுதான் இருக்கிறது. ஆறு என்றோ, ஓடும் நீர் என்றோ, அரசு நீர் என்றோ எந்த வரம்பும் இல்லை. ஐந்தாம் பிரிவைக் குறிப்பிட்ட பகுதியில் நிறுத்திவைக்க மாநில அரசு அறிவிக்கை போடலாம், அது ஒன்றுதான் விலக்கு. ஆகவே பட்டா நிலத்துக் குட்டையானாலும், வெள்ளம் விட்டுப்போன மடுவானாலும், மணல் குழியானாலும் வெடியும் நஞ்சும் குற்றம். பிளீச்சிங் பவுடர் நஞ்சு இல்லை என்று வாதாட வருபவரிடம் 'கேடான பொருள்' என்ற சொல்லைக் காட்டுங்கள். மூலச் சட்டத்தில் தண்டனை 2 மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். 1897-ன் 200 ரூபாய் அது. மாநிலங்கள் தத்தம் திருத்தங்களில் இந்தச் சட்டத்தை மாற்றியிருக்கின்றன, கேரளமும் கர்நாடகமும் தனிச் சட்டமே இயற்றிவிட்டன. அதனால் வழக்கு என்று வந்தால் உங்கள் மாநிலப் பதிப்பை எடுத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் உண்மையில் கேட்பது ஆறாம் பிரிவைப் பற்றி. வலைக்கண் எவ்வளவு இருக்கலாம், ஆற்றில் கூடு, பொறி நட்டுவைக்கலாமா, குறுக்கே பட்டி கட்டலாமா, எந்தக் காலத்தில் மீனே பிடிக்கக் கூடாது என்பவை எல்லாம் இந்தப் பிரிவின் கீழ் மாநில அரசு போடும் விதிகள். ஒரு நீர்ப்பகுதியில் அதிகபட்சம் 2 ஆண்டுகள் வரை மீன்பிடியையே தடை செய்யவும் இதில் இடம் உண்டு. ஆனால் இவை தாமாக எல்லாத் தண்ணீருக்கும் போய்விடுவதில்லை. அரசு அறிவிக்கை போட்டு, இந்த இந்த நீர்ப்பகுதிகளுக்கு என்று குறிப்பிட்டால்தான் செல்லும். மூலச் சட்டத்தின்படி, தனியார் நீர் என்றால் சொந்தக்காரரும், அங்கே தனி மீன்பிடி உரிமை வைத்திருக்கும் எல்லோரும் எழுத்தில் சம்மதித்தால்தான் விதியை அங்கே கொண்டுபோக முடியும்.

அப்படியானால் துண்டான மடு 'தனியார் நீர்' ஆகிவிடுமா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். சட்டம் தனியார் நீரை வரையறுக்கும்போது அது ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்கவே இல்லை. யாருக்கோ முழுச் சொந்தமான நீர், அல்லது யாருக்கோ தனி மீன்பிடி உரிமை உள்ள நீர், இரண்டில் ஒன்று இருந்தால் அது தனியார் நீர். அந்த உரிமை சொந்தக்காரர் என்ற முறையில் வந்ததா, குத்தகைக்காரர் என்ற முறையில் வந்ததா என்பது பொருட்டல்ல. ஊரார் வழக்கமாக அங்கே மீன் பிடித்து வந்தார்கள் என்பதால் மட்டும் அது தனியார் நீர் இல்லாமல் போய்விடாது என்று ஒரு விளக்கத்தையும் சட்டம் சேர்த்திருக்கிறது. இதை நிதானமாகப் படித்தால் விசித்திரமான ஒன்று தெரியும். அரசுக்குச் சொந்தமான ஆற்றில் ஒரு பகுதியை ஒருவருக்கு மட்டும் என்று குத்தகைக்கு விட்டால், அந்தக் காலம் வரைக்கும் அதுவும் இந்த வரையறைக்குள் வந்துவிடும். அதனால்தான் குத்தகை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் முக்கியம். வலைக்கண் அளவும் குஞ்சு பிடிக்கக் கூடாது என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தால், குத்தகைக்காரரை அது நேராகவே கட்டும்.

சரி, மடு யாருடையது? தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதற்கு 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத் திறக்க வேண்டும். அதன் இரண்டாம் பிரிவு, ஆறு, ஓடை, ஏரி, குளம் ஆகியவற்றின் படுகைகள், வாய்க்கால்கள், அப்புறம் 'நிற்கும் நீரும் ஓடும் நீரும்' அனைத்தும் அரசின் சொத்து என்கிறது, ரயத்துவாரிப் பட்டா போன்ற தனி உரிமை இருக்கும் இடங்கள் நீங்கலாக. 'நிற்கும் நீர்' என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். ஆகவே "ஓடவில்லை, அதனால் ஆற்றுக்குச் சேராது, அதனால் அரசுக்கும் சேராது" என்ற வாதம் முதல் படியிலேயே விழுந்துவிடும். தரை ஆற்றுப் புறம்போக்கு என்றால் அதில் நிற்கிற தண்ணீரும் அரசுடையது.

ஆனால் கொள்ளிடக் கரைகளுக்குள்ளேயே பட்டாப் படுகைகள் இருக்கின்றன. வாழையும் கரும்பும் சாகுபடியாகும் நிலங்கள். வெள்ளம் அந்த நிலத்தைக் குடைந்து மடுவாக்கிவிட்டால், பட்டா அழிந்துபோய்விடுமா? ஆறு கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்தால் எல்லையும் அதோடு நகரும், ஒரே வெள்ளத்தில் திடீரென்று தடம் மாறினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்பது பழைய சட்டக் கொள்கை. அடையாளம் காணக்கூடிய நிலம் ஒரே வெள்ளத்தில் ஆற்றின் மறுபக்கம் போய்விட்டாலும் பழைய சொந்தக்காரருக்கே உரியது என்பதை வங்காள மாகாணத்துக்கு 1825-லேயே ஒழுங்குமுறையாகப் போட்டார்கள். ஆகவே நீங்கள் சொல்லும் படுகைக்காரர் வெறும் வாய்ச்சவடால் அடிக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வளைவின் ஒரு பகுதி அவர் புல எண்ணில் உண்மையாகவே இருக்கலாம். மீதி புறம்போக்கில் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (புல எண்வாரி நிலப் பதிவு) புலப்படத்தையும் வாங்கி, மடுவின் நான்கு மூலைகளும் எந்தப் புல எண்ணில் விழுகின்றன என்று அளந்து பார்த்தால் தகராறில் பாதி அன்றைக்கே முடிந்துவிடும். அளக்காமல் பஞ்சாயத்துப் பேசுவது வீண்.

இங்கே இன்னொன்று. படுகைக்காரர், "நான் இன்னாருக்கு இந்த மடுவை மீன் பிடிக்க விட்டுவிட்டேன்" என்று வாய்மொழியாகச் சொல்வதுண்டு. 1956-ல் வெளியான ஒரிசா சில்கா ஏரி வழக்கில், ஆனந்த பெஹரா எதிர் ஒரிசா அரசு, உச்ச நீதிமன்றம் மீன்பிடி உரிமையை நிலத்திலிருந்து கிடைக்கும் ஆதாயமாகப் பார்த்தது. அதாவது அது அசையாச் சொத்தின் வகை. எழுதிப் பதிவு செய்யாமல் வாய்ப்பேச்சில் வாங்கியதாகச் சொன்ன உரிமை அந்த வழக்கில் நிற்கவில்லை. பிள்ளைகள் ஒரு நாள் தூண்டில் போட அனுமதி கொடுப்பதற்கு இதெல்லாம் தேவையில்லை. ஊராரை வெளியே நிறுத்தும் தனி உரிமை என்றால் காகிதம் வேண்டும்.

அடுத்து குத்தகைக்காரர். ஆற்றில் குத்தகை எடுத்தவருக்கு, ஆறு விட்டுப்போன வளைவிலும் உரிமை உண்டா? இதே மாதிரிச் சிக்கல் வங்காளத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளின் இறுதி மேல்முறையீட்டு மன்றம்) வரை போனது. ஸ்ரீநாத் ராய் எதிர் தீனபந்து சென், 1914. கடல் ஏற்றம் எட்டும் பெரிய ஆறு, அதில் ஒருவருக்குப் பழங்காலத் தனி மீன்பிடி உரிமை. ஆறு தடம் மாறி வேறொருவர் நிலத்தின் மேல் ஓடத் தொடங்கியது. உரிமை பழைய தரையோடு நின்றதா, தண்ணீரோடு போனதா என்பது வழக்கு. உரிமை ஆற்றைத் தொடர்ந்து போகும் என்று தீர்ப்பானது. மேல் எல்லை, கீழ் எல்லைக்குள் அந்த ஆற்றின் நீராக இருக்கும் வரை உரிமைக்காரர் அதைப் பின்தொடரலாம்.

இதை நம் மடுவுக்குக் கொண்டுவரும்போது நிதானம் வேண்டும். அது நிரந்தரமான பழைய உரிமை. இங்கே இருப்பது சில ஆண்டுக் குத்தகை. குத்தகை என்பது தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். 'இந்தப் பாலம் முதல் இந்த அணைக்கட்டு வரை உள்ள ஆறு' என்று எழுதியிருந்தால், வெள்ளத்தில் சேர்ந்து பருவத்தில் பிரியும் மடுவும் அதற்குள் வரும் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. புல எண்கள் குறிக்கப்பட்டிருந்தால், அந்த எண்களுக்கு வெளியே ஒரு முழம்கூட அவருக்கு உரிமை இல்லை, மடு ஆற்றிலிருந்து வந்ததுதான் என்றாலும். பல ஆண்டுகளாக ஒதுங்கிக் கிடந்து, எந்த வெள்ளமும் எட்டாத பழைய தடத்தை, ஆற்றுக் குத்தகையைக் காட்டி ஒருவர் கேட்டால் என் கருத்தில் அது செல்லாது. அவரிடம் குத்தகை உத்தரவின் நகலைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, நீர்நிலையை ஏலம் விட்ட துறையிலோ, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆற்றோடு தொடர்பு இருக்கிறதா இல்லையா என்பதைக் களத்தில் கண்டுபிடிப்பது கடினமில்லை. மடுவின் மேல்வாயிலும் கீழ்வாயிலும் உள்ள மணல் மேட்டைப் பாருங்கள். போன வெள்ளத்தின் செத்தை, நாணல் வேர், பிளாஸ்டிக் எல்லாம் கருவேல மரத்தில் எந்த உயரத்தில் தொங்குகின்றன? மேட்டின் உச்சிக்கு மேலே தொங்கினால் வெள்ளத்தில் இரண்டும் ஒன்றாகின்றன என்று பொருள். மணல் புதிதாக, வெளுப்பாக, அலைவரிகளோடு இருந்தால் தண்ணீர் அண்மையில் போயிருக்கிறது. கோரையும் கருவேலக் கன்றும் பிடித்துக் கெட்டியாகிவிட்டிருந்தால் பல பருவம் ஆகிவிட்டது. இன்னொரு சோதனையும் உண்டு. மடுவின் ஓரத்தில் ஒரு கழியை நட்டு நீர் மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட பின்னால், மேட்டைத் தாண்டி ஒரு சொட்டுகூட வராமலே கோடு முழுகுகிறதா என்று பாருங்கள். முழுகினால் மணலுக்கு அடியில் ஊற்றாக ஆறு இன்னும் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறது. ஊற்று நீர் கலங்கல் இல்லாமல் தெளிவாக இருக்கும், கரையில் நின்றாலே தெரியும். நீதிமன்றத்தில் இது தீர்ப்புச் சொல்லிவிடாது, ஆனால் 'துண்டாகிவிட்டது' என்று சொல்பவருக்குக் காட்ட நல்ல சான்று.

மீனை எடுத்தால் திருட்டா என்று கேட்டிருந்தீர்கள். தண்ணீரில் சுதந்திரமாகத் திரியும் மீன் யார் கைவசமும் இல்லை. கைவசம் இல்லாததைத் திருட முடியாது. அடைத்த குளத்தில் வளர்க்கும் மீன் அப்படியல்ல, அது சொந்தக்காரரின் கைவசம் உள்ள பொருள். அடைபட்ட குளத்து மீனை எடுத்தால் திருட்டாகும் என்று பம்பாய் உயர் நீதிமன்றமும், திறந்த நீர்ப்பகுதி மீனை எடுத்தது திருட்டல்ல என்று கல்கத்தா உயர் நீதிமன்றமும் 1880-களிலேயே சொல்லிவிட்டன. இங்கேதான் துண்டானது என்ற சங்கதி உண்மையிலேயே எடை பெறுகிறது. நாலு பக்கமும் அடைபட்டு, மீன் வெளியே போக வழியே இல்லாமல், ஒருவர் குஞ்சு விட்டு வளர்க்கும் இடமாகிவிட்டால் தூண்டில் போட்டவர் மேல் திருட்டு வழக்கு வரலாம். ஒவ்வொரு வெள்ளத்திலும் வாய் திறக்கும் மடு என்றால் திருட்டு என்ற பேச்சு கஷ்டம். அத்துமீறி நுழைந்ததாகவோ, குத்தகை உரிமையைக் கெடுத்ததாகவோ வழக்கு வரலாம், அது வேறு. எதுவாக இருந்தாலும் வலையைப் பறிக்கக் குத்தகைக்காரருக்கு அதிகாரம் கிடையாது. அவர் புகார் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழும். இங்கிலாந்தில் கெண்டை வகை மீன்களுக்கு ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை. தேங்கிய ஏரிகளில் பெரும்பாலானவற்றுக்கு 1995-லேயே அந்தத் தடையை நீக்கிவிட்டார்கள். ஆகவே அங்கே ஒரு பழைய வளைவு ஆறா ஏரியா என்பதில் மூன்று மாத மீன்பிடி அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றின் தடத்திலிருந்து சுமார் மூன்றரை மைல் தள்ளியிருக்கும் ஓர் ஏரிக்கு ஆண்டுதோறும் வெள்ளம் வரும். வெள்ளத்தோடு போய் அங்கே மீன் பிடித்தவர்களை அத்துமீறல் என்று கைது செய்தார்கள். ஆற்று வெள்ளம் நின்றாலும் கீழே இருப்பது தனியார் நிலம், அங்கே மீன் பிடிக்கப் பொதுமக்களுக்கு உரிமை இல்லை என்று கூட்டாட்சி நீதிமன்றங்கள் முடிவு செய்தன. தண்ணீரைப் பின்தொடர்ந்த வங்காளத் தீர்ப்புக்கும் தரையைப் பிடித்துக்கொண்ட இந்தத் தீர்ப்புக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். எனக்கு வங்காளத் தீர்ப்பின் போக்குதான் ஆற்றின் இயல்புக்கு நெருக்கமாகப் படுகிறது.

காட்டுப் பகுதி மடுவாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருட்டில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு சரணாலயமும் அந்தப் பக்கம்தான். சரணாலய எல்லைக்குள் ஆறு ஓடினாலும் தேங்கினாலும், அனுமதியில்லாமல் எந்த உயிரையும் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். கோடையில் வற்றாத ஆழ்கசங்களில் (ஆழமான மடுக்களில்)தான் நீர்நாயும் முதலையும் பெரிய மீன்களும் ஒதுங்கும். எல்லைக்கு வெளியேயும் ஒன்றை மறக்கக் கூடாது: மடு வற்றும்போது மீனோடு சேர்ந்து ஆமை அகப்படும். நன்னீர் ஆமைகளில் பல அந்த வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் பாதுகாக்கப்பட்டவை. மீன் பிடித்ததற்கு ஒரு தொல்லையும் வராத இடத்தில் ஆமையைச் சாக்கில் போட்டதற்கு ஜெயில் வரும். திருப்பித் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இந்த மடுவுக்குப் பொருந்துமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பொருந்தாது. அது கிழக்குக் கடலில் போகும் விசைப்படகுகளுக்கானது.

இவ்வளவும் சட்டம். ஆனால் துண்டான மடுவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சட்டத்தை மட்டும் பேசினால் விஷயம் பிடிபடாது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இரவெல்லாம் பாசியும் செடியும் மீனும் சேர்ந்து தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சியிருக்கும். கெண்டை வகைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதே தண்ணீரில் விராலும் பனையேறிக் கெண்டையும் அலட்டிக்கொள்ளாமல் இருக்கும், அவை நேராகக் காற்றை மூச்செடுக்கும். கோரை ஓரத்தில் விரலளவுகூட இல்லாத சிவந்த குஞ்சுகள் ஒரு கூட்டமாகக் கொதிப்பதுபோல் மேலே வந்து போனால், அடியில் தாய் விராலோ தந்தை விராலோ காவல் நிற்கிறது. அதைத் தூண்டிலிலோ ஊத்தாவிலோ (மீனைக் கவிழ்த்துப் பிடிக்கும் கூடை) எடுத்துவிட்டால் அன்று மாலைக்குள் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைக் கெளுத்தியும் கொக்கும் முடித்துவிடும். ஒரே ஒரு மீன் எடுத்ததுபோல் தெரியும், போனது ஒரு தலைமுறை.

கோடையைத் தாண்டும் மடுவில் இருக்கிற மீன்கள்தான் அடுத்த வெள்ளத்துக்கு விதை. ஜூனில் தண்ணீர் வந்து மணல் மேடு உடைந்ததும் இவைதான் ஆற்றில் இறங்கும். பத்து கிலோமீட்டர் ஆற்றில் இப்படி நாலைந்து ஆழமடுக்கள்தான் மிஞ்சும் என்றால், ஒரு மடுவில் நஞ்சு விழுந்தாலும் அடுத்த ஆண்டு அந்த நீளத்து மீனவர்களின் வலை காலியாக வரும். உள்நாட்டு மீனவர்கள் இதைப் பல இடங்களில் சொல்லிப் புலம்புகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க ஆள் இல்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

"எப்படியும் வற்றிச் சாகப் போகிற மீன், பிடித்தால் என்ன?" என்ற கேள்வி நியாயமானது. வற்றும் குட்டைக்கு அது சரியான வாதம்தான். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கண்மாய் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கச்சா வலையும் தூக்கிக்கொண்டு மீன்பிடித் திருவிழா நடத்துவது அந்த அறிவில்தான். கணுக்கால் தண்ணீரில் செத்து நாறப்போகும் மீனை நாலு வீட்டுக் குழம்புக்கு எடுப்பதில் தப்பே இல்லை. வற்றாத மடுவுக்கு அதே வாதத்தைக் கொண்டுவருவதுதான் தவறு. எது வற்றும், எது நிற்கும் என்பது ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். பஞ்சத்திலும் வற்றாத மடுக்களுக்குப் பெரும்பாலும் பெயரே இருக்கும்.

உங்கள் ஊருக்கு நான் சொல்வது இதுதான். நில அளவை முடியும் வரை தூண்டில், வீச்சுவலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இழுவை வலை வேண்டாம், கொசுவலை, கண் சிறுத்த வலை எதுவும் வேண்டவே வேண்டாம். இன்வெர்ட்டரையோ மின்கம்பியையோ போட்டு மீன் பிடிப்பவரைத் தடுப்பதற்கு மீன்வளச் சட்டத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அந்த ஆள் அடுத்து இறங்குபவரையும் கொல்லப் பார்க்கிறார் என்று சொல்லிக் காவல் நிலையத்தைக் கூப்பிடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டது தெரிந்தால், தண்ணீரை இரண்டு சுத்தமான பாட்டிலில் மொண்டு நாள், நேரம், இடம் எழுதி ஒட்டி வையுங்கள். செத்த மீனைப் பனிக்கட்டியில் போட்டு வையுங்கள். சாக்கு, கவர் கிடந்தால் தொடாமல் படம் எடுங்கள். காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் 'மீன்வளச் சட்டம் ஐந்தாம் பிரிவு' என்று எழுதுங்கள், நகலை மீன்வள உதவி இயக்குநருக்கும் அனுப்புங்கள். அந்த மீனை யாரும் தின்னக் கூடாது என்று அன்றைக்கே ஒலிபெருக்கியிலோ, வாட்ஸ்அப்பிலோ சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, ஊர்ச் செலவில் மடுவில் குஞ்சு விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். புறம்போக்கு மடுவில் மீன்வளத் துறையின் அனுமதியில்லாமல் விட வேண்டாம். விட்டதனால் ஊருக்குத் தனி உரிமை வந்துவிடாது, குத்தகைக்காரரோடு சண்டைதான் மிச்சமாகும். அனுமதி கிடைத்தால் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைத் துறைப் பண்ணையிலேயே வாங்குங்கள். வியாபாரி மலிவாகத் தருகிறேன் என்று கொண்டுவரும் கெளுத்திக் குஞ்சை மட்டும் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் நாட்டில் வளர்க்கத் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியாக இருக்கும். மடு துண்டாகத்தான் இருக்கிறது, எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்து விட்டால், அடுத்த வெள்ளத்தில் மேடு உடைந்ததும் அது கொள்ளிடத்தில் இறங்கிவிடும்.